மூன்று மாதம் ரத்தம் வேண்டாம்

ஆம்பூரில் யாருக்காவது அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால் எலியாஸுக்குப் போன் போகும். பைபாஸில் லாரி மோதியவர்கள், சிசேரியனுக்குப் போன பெண்கள், டெங்குவில் விழுந்தவர்கள் என்று அவன் முகமே பார்த்திராத பலர் அவன் அனுப்பிவைத்த ஆட்களின் ரத்தத்தில் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவன் வேலை ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில். தோலை மேசையில் விரித்து, முள் கீறிய இடம், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்கி, நல்ல இடமாகப் பார்த்து அச்சை வைத்து மெஷினை இறக்க வேண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்தவன் இப்போது நாற்பதை நெருங்குகிறான். பேக்கிங்கில் இன்னொரு எலியாஸ் இருப்பதால் இவனை ‘ரத்தம் எலியாஸ்’ என்பார்கள்.

அந்தப் பெயர் மகள் ஃபீபியால் வந்தது.

ஃபீபிக்கு ஒன்பது வயது. கண்ணின் வெள்ளைப் பகுதி வருஷம் முழுக்க மஞ்சளாகவே இருக்கும். பிறந்த மறுநாளே மஞ்சள் ஏறி, நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்து, உடம்பின் ரத்தத்தையே மாற்றித்தான் பிழைத்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு வருகிற காமாலைதான் என்று சொன்னார்கள். பெயர் வைப்பதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

பள்ளியில் ஃபீபிக்கு ‘மஞ்சக்கண்ணி’ என்று பெயர். பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அம்மா டீச்சரிடம் போய், “காமாலை ஒட்டிக்கும், என் பொண்ணை வேற பெஞ்சுல உக்கார வைங்க” என்று கேட்டிருக்கிறாள். ஒட்டாது என்று ஃபீபியின் அம்மா எப்சி போய்ச் சொன்னாள். “அப்போ என்ன நோயி இது?” என்று டீச்சர் கேட்டார். நோயின் பெயர் எப்சிக்குத் தெரியாது.

யாருக்கும் தெரியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை குழந்தை வெளுப்பாள். மாடிப்படியில் பாதியில் உட்காருவாள். எலியாஸ் காலையில் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பான். நிறம் பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே ஆளை ஏற்பாடு செய்வான். ரத்த வங்கியில் ஒருவர் கொடுத்தால் அவருடைய ரத்தத்தையே ஒரு பை அவளுக்குத் தருவார்கள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஏற்றுவார்கள். மாலையில் குழந்தை நடந்து வீட்டுக்கு வரும்.

முதல் ஆள் எப்போதும் நசீர் அகமது. டேனரியில் தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிறவர், எலியாஸின் பழைய தோஸ்த். ரம்ஜான் மாதத்தில் கூப்பிட்டாலும், “நோன்பு திறந்துட்டு வர்றேன், ஆளை மாத்தாத” என்பார். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும் என்பது ரத்த வங்கியின் விதி. நசீர் முன்னதாகவே வந்து நிற்பார். எலியாஸ்தான் திருப்பி அனுப்புவான். “மூணு மாசம் ஆகல பாய், போங்க.” அப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் கணக்குப் பார்த்து, சர்ச் இளைஞர்கள், கம்பெனி ஆட்கள், நசீரின் தெரு ஆட்கள் என்று அவன் கூட்டம் வளர்ந்தது. வாட்ஸப்பில் ஒரு குரூப். ஃபீபிக்காகச் சேர்ந்தவர்கள் ஊருக்கும் கொடுத்தார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தவறாமல் ஒரு பை ஏற்றிவிடுவான். பஸ்ஸில் குழந்தை மயங்கக் கூடாது. அதைவிட, எப்சியின் அம்மா பொன்மலர் சொன்ன காரணம்தான் வீட்டில் எடுபட்டது. “அவ்ளோ பெரிய டாக்டருங்க முன்னாடி புள்ளைய சாவுற கோலத்துலயா கொண்டு போய் நிறுத்துறது? ரெண்டு பொட்டு ரத்தம் ஏத்தி, தலை வாரி, நல்லா கூட்டிட்டுப் போ தம்பி.”

பொன்மலர் எலியாஸின் சொந்த அக்கா. எப்சி அக்கா மகள். வெளியில் கொடுக்க மனமில்லாமல் தம்பிக்கே கட்டிக் கொடுத்தாள்.

அங்கே டாக்டர்கள், வெளியில் எங்காவது ரத்தம் ஏற்றினீர்களா என்று கேட்பார்கள். ஏற்றவில்லை என்று எலியாஸ் சொல்வான். இதுவும் அக்காவின் யோசனைதான். தெருமுனை நர்சிங் ஹோமில் பார்த்தோம் என்று சொன்னால் பெரிய டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், எதற்கு இங்கே வந்தீர்கள், அங்கேயே போங்கள் என்பார்கள் என்று ஆம்பூரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். பரிசோதனைகள் நடக்கும். தலசீமியா இல்லை. இது இல்லை, அது இல்லை. சிவப்பணுவுக்குள் இருக்கிற நொதிகளையும் பார்த்தார்கள். எல்லாம் சரியான அளவில் இருந்தன. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் ஏப்ரலில் எப்சிக்கு மறுபடி இரண்டு மாதம். அந்தப் பயத்தோடுதான் வேலூருக்குப் போனார்கள். எழிலரசி என்று புதிதாக ஒரு டாக்டர். ஃபீபியின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, எலியாஸிடம் எதுவும் கேட்காமல் குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஃபீபி, கையில இது என்ன, புதுசா ஊசி குத்தின மாதிரி இருக்கு?”

“முந்தாநேத்து நசீர் சாச்சா ரத்தம் போட்டாங்க ஆன்ட்டி. அவங்க ரத்தம் போட்டா பிரியாணி சாப்பிடணும்னு ஆசை வருது.”

எலியாஸ் தரையைப் பார்த்தான்.

“இதுக்கு முன்னாடி வந்தப்பவும் ஏத்திட்டுத்தான் வந்தீங்களா?”

“ஆமா மேடம். எப்பவும்.”

“அப்போ இத்தனை வருஷமா நாங்க நசீரைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம். அவர் நல்லா இருக்காரு.”

திட்டவில்லை. ஒரு பேப்பரை எடுத்து, வட்டமாக ஒரு சிவப்பணுவை வரைந்து விளக்கினார். அதற்கு உயிர் வாழ ஒரே வழி சர்க்கரையை எரிப்பது. உடம்பின் மற்ற செல்களுக்கு இருக்கிற வேறு வழி எதுவும் அதற்குக் கிடையாது. அந்த எரிப்பு பல படிகளாக நடக்கிறது. கடைசிப் படியை ஓட்டுகிற நொதிக்குப் பெயர் பைருவேட் கைனேஸ். அது பழுதானால் சிவப்பணுவுக்குச் சக்தி போதாமல் சுருங்கிச் சாகிறது. நூறு நாளுக்கு மேல் ஓட வேண்டியது சில நாளில் முடிந்துவிடும். செத்தவற்றின் கழிவுதான் கண்ணில் மஞ்சள். தசைகளில் இருக்கிற பைருவேட் கைனேஸ் வேறொரு ஜீனிலிருந்து வருவது, அதற்குப் பழுதில்லை. கால் ஓடக் கேட்கிறது, ரத்தம்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. ஃபீபிக்கு இதுவாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்.

“லைன்ல கடைசி டேபிள் ஸ்லோன்னா மொத்த லைனும் நிக்கிற மாதிரியா?” என்றான் எலியாஸ்.

“கிட்டத்தட்ட. ஆனா அதை நிரூபிக்கணும். அவளோட சொந்த ரத்தம் எனக்கு வேணும். அடுத்தவங்க ரத்தம் கலந்திருந்தா அவங்க நொதிதான் காட்டும். கடைசியா ஏத்தினதுல இருந்து மூணு மாசம் ஏத்தக் கூடாது.”

மூன்று மாதம் என்றதும் எலியாஸுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுவிட்டது.

“தாங்குவாளா மேடம்?”

“இந்த நோயில ரத்தம் குறைஞ்சாலும் உடம்பு ஓரளவு சமாளிக்கும். நீங்க தேவைக்கு முன்னாடியே ஏத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. ஹீமோகுளோபின் அளவு அஞ்சுக்குக் கீழ போனா யாரையும் கேக்காம ஏத்திடணும், டெஸ்ட் போனா போகட்டும். அஞ்சுக்கு மேல இருந்து, குழந்தை நல்லா இருந்தா, காத்திருக்கலாம்.”

ஏற்றிய ரத்தம் தடையாகாத ஜீன் பரிசோதனைக்கும் அன்றே அனுப்பினார்கள். மே மாதம் முடிவு வந்தது. அந்த நொதிக்கான ஜீனில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. ஆனால் அந்த மாற்றம் இதுவரை வேறு எவரிடமும் பார்க்கப்படாதது. அதுதான் நோய்க்குக் காரணமா, சும்மா இருக்கிற மாற்றமா என்று சொல்ல முடியவில்லை. எலியாஸ், எப்சி இருவரின் ரத்தத்திலும் நொதியைப் பார்த்தார்கள். சற்றுக் குறைவு, உறுதியாகச் சொல்கிற அளவுக்கு இல்லை. ஃபீபியின் சொந்த ரத்தத்தில் நொதி குறைந்திருந்தால் விடை கிடைத்துவிடும். அப்போது எப்சியின் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் சோதித்துச் சொல்லலாம், சட்டம் கருக்கலைப்பை அனுமதிக்கிற மாதத்துக்குள் அவர்கள் ஒரு முடிவெடுக்கலாம். ஜூலை தொடக்கத்தில் மூன்று மாதம் முடிகிறது. அப்போது எப்சிக்கு ஐந்தாவது மாதம். நூல் பிடித்த மாதிரி நேரம் இருந்தது.

முடிவைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது எப்சி கேட்டாள். “மாமா, குரூப்ல என்னன்னு சொல்லப் போறீங்க?”

அதை முடிவு செய்தது பொன்மலர். எப்சியின் தங்கைக்கு ராணிப்பேட்டையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியார். “நம்ம குடும்ப ரத்தத்துல கோளாறுன்னு வெளிய போச்சுன்னா என் ரெண்டாவது பொண்ணு வீட்டோட இருக்க வேண்டியதுதான். வாயத் தொறக்காத எலியா. நான் உனக்குப் பொண்ணு குடுத்தவ.”

எலியாஸ் குரூப்பில் எழுதினான்: ‘ஃபீபிக்கு இப்போதைக்கு ரத்தம் தேவையில்லை. தேவைப்பட்டால் நானே சொல்கிறேன்.’ நர்சிங் ஹோம் டாக்டரிடம் மட்டும், தன்னைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம் என்றும், ஐந்து என்ற கணக்கையும் சொல்லிவைத்தான்.

குரூப்பில் இருந்தவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். சில வாரங்களுக்கு முன் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு பேச்சு நடந்திருந்தது. எலியாஸ் வருவதைப் பார்த்து ஆட்டோ வேலு, “டேய், எலியாஸ் வர்றான், சட்டைக் கையை இறக்கி விடுங்க. டீ குடிக்க வந்தா ஒரு பாட்டில் கேப்பான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எலியாஸும் சிரித்தான். ஃபீபியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோ வேலுவுடையது. ஊசிக்குப் பயந்து ஒருமுறைகூட ரத்தம் கொடுக்காதவன் அவன். குரூப்பில் செய்தியைப் பார்த்ததும் நசீர் நேராக அவனிடம் போனார்.

“உன் வாயால வந்தது. அவன் ரோஷப்பட்டு நிறுத்திட்டான்.”

“நான் இன்னா பாய் சொன்னேன்? சும்மா தமாஷுக்கு.”

“தமாஷ். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு போ.”

வேலு தினமும் பார்த்தான். மே மாதம் லீவில் குழந்தை வீட்டில் படுத்தே கிடந்தாள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆட்டோவில் ஏறும்போது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முன்பெல்லாம் அவனுடைய ஹாரனை அழுத்தித் திட்டு வாங்குவாள். இப்போது சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். “ஏன்டா, உங்கப்பன் ரத்தம் ஏத்தலியா?” என்று கேட்டான். “இப்போ வேணாமாம் மாமா. நான் சொந்த ரத்தத்துல இருக்கணுமாம்” என்றாள். வேலுவுக்கு அது குத்தியது. அடுத்தவன் ரத்தம் வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் எலியாஸ் இமையை இழுத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. வாரம் ஒருமுறை அளவு பார்த்தார்கள். ஏழு. ஆறரை. ஆறு. ஃபீபி எதையும் கேட்பதில்லை, பிரியாணிகூட. எப்சி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மறு கையால் அவளுக்கு ஊட்டுவாள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அவளுக்காக ஜெபிக்கும்போது எலியாஸ் கண்ணை மூடாமல் நின்றான். அவனைச் சுற்றி நான்கு வரிசையில், ஒரு சொல்லுக்குக் கையை நீட்டத் தயாரான ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி வாரம். வேலூரில் தேதி வாங்கியாகிவிட்டது. அதற்குள் ஒரு நாள் காலையில், பள்ளி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஃபீபி முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். வேலு அவளை வாரியெடுத்து மறுபடி ஆட்டோவில் போட்டுக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனான். போகும்போதே நசீருக்குப் போன் செய்தான். எலியாஸுக்கும் செய்தான். ஷூ கம்பெனிகளில் போனை உள்ளே விடமாட்டார்கள், புது டிசைனைப் படம் எடுத்துவிடுவார்கள் என்று பயம். கேட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எலியாஸின் போன் பெட்டிக்குள் அடித்து அடங்கியது. அன்றைக்கு ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்திருந்தார்கள். எப்சி ஆபீஸுக்குப் போன் செய்து சொன்ன செய்தி கட்டிங் பிரிவுக்கு வந்து சேரவில்லை.

ஷிஃப்ட் முடிந்து போனைக் கையில் வாங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். நர்சிங் ஹோம் வாசலில் வேலு நின்றிருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டர். முகமெல்லாம் வெளிச்சம்.

“ஏத்தியாச்சு எலியாஸு, டென்ஷன் ஆவாத. ஒரு பை பாயோடது, மூணு மாசத்துக்கு நாலு நாள் கம்மின்னு அவரு சொல்லல. ஒண்ணு என்னோடது. ஊசியப் பார்த்ததும் கண்ணு இருட்டிடுச்சு. நர்ஸம்மா வாயில ஜூஸ் ஊத்தி எழுப்புச்சு. ஆனா குடுத்துட்டேன்.”

நசீர் தோளில் கை வைத்தார். “நீ கேக்க மாட்டேன்னு தெரியும். எங்ககிட்ட என்னா வெக்கம் உனக்கு? இவன் ஒரு லூசு, வாய்க்கு வந்ததைப் பேசுறவன். அதுக்காகப் புள்ளையை வாட விடுவியா?”

எலியாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தான். ராணிப்பேட்டை வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

“ரொம்ப தேங்க்ஸ் பாய்,” என்றான். பிறகு வேலுவைப் பார்த்து, “கையை மடக்கியே வெச்சிரு. இன்னிக்கு வண்டி ஓட்டாத” என்றான்.

உள்ளே ஃபீபி தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறம் வந்திருந்தது. பை காலியாகி மேலே தொங்கியது. எப்சி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“எவ்ளோ இருந்துச்சு?” என்றான்.

“அஞ்சு புள்ளி ரெண்டு.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். “அஞ்சுக்கு மேலதான்.”

“ஆமா. டூட்டி டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. உங்களைக் கேக்கணும், இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னாரு. நான்தான் ஏத்துங்கன்னு சொன்னேன்.” அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். “உதடு சாம்பல் மாதிரி இருந்துச்சு மாமா. கூப்பிட்டா கண்ணத் தொறக்குறா, ஆனா நான் யாருன்னு பார்க்கல. நீங்களா இருந்தா காத்திருப்பீங்களா?”

“தெரியல.”

“எனக்குத் தெரியும். அதான் ஆபீஸுக்கு ரெண்டாவது தடவை போன் பண்ணல.”

பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, “அவ இருக்குறா. இது இன்னும் வரல. நான் வேற எப்படி யோசிக்கிறது?” என்றாள்.

வாங்கிவைத்த தேதியிலேயே வேலூருக்குப் போனார்கள். நடந்ததையெல்லாம் எழிலரசி கேட்டார். “ஏத்தினது சரி. கண்ணால பார்த்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.” ஃபீபிக்கு இனி மறுபடி மூன்று மாதம் காத்திருக்கலாம். ஆனால் அது முடியும்போது எப்சிக்கு எட்டாம் மாதம். வயிற்றுக் குழந்தையைச் சோதித்து முடிவெடுக்கிற காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு மாத்திரை வந்திருக்கிறது, அதுவும் எல்லா மாற்றத்துக்கும் கேட்பதில்லை, முதலில் இன்ன நோய் என்று உறுதியாக வேண்டும் என்றும் சொன்னார்.

“வேற ஒரு வழி இருக்கு. குழந்தை பிறந்த உடனே தொப்புள் கொடியில இருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். யாரோட ரத்தமும் ஏறுறதுக்கு முன்னாடி. அதுல நொதி குறைஞ்சிருந்தா ரெண்டு பேருக்கும் விடை கிடைச்சிடும்.”

எப்சி அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். “அப்போ இவளுக்கு என்ன நோயின்னு தெரியணும்னா, இன்னொரு புள்ள மஞ்சளா பொறக்கணும்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

ஆகஸ்ட் மாதம் எப்சியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஃபீபி பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு ஓடித் திரிந்தாள். உள்ளே வேலுவின் ரத்தம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பொன்மலர் எல்லோரையும் சாப்பிடச் சொல்லிச் சுற்றி வந்தாள். எப்சியின் வயிற்றைப் பார்த்து, “இது பையன்தான், எந்தக் குறையும் இருக்காது” என்றாள். எப்சி எழுந்து கைகழுவப் போனாள்.

அடுத்த நாள் எலியாஸ் குரூப்பில் எழுதினான்: ‘நவம்பரில் எப்சிக்குப் பிரசவம். குழந்தைக்கு ரத்தம் தேவைப்படலாம். என்ன குரூப் என்று இப்போது தெரியாது. கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் தயவுசெய்து அதுவரை மூன்று மாதம் வேறு யாருக்கும் கொடுக்காமல் இருக்கவும்.’

வேலு உடனே பதில் போட்டான்: ‘பொறக்கும் முன்னயே புக்கிங்கா. என் பேரை எழுதிக்கோ.’ நசீர், ‘இன்ஷா அல்லா, நானும்’ என்றார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள் எழுந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, கம்பெனி கேட்டில் போனை வாங்கியதும் மணி அடித்தது. தெரியாத நம்பர். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஓ பாசிட்டிவ் இரண்டு பை அவசரமாக வேண்டும், உங்களிடம் கேட்டால் கிடைக்கும் என்று சொன்னார்கள். மூச்சு வாங்கப் பேசினார். எதிரே டீக்கடையில் நசீரும் வேலுவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஓ பாசிட்டிவ். வேலு அவனைப் பார்த்ததும் சட்டைக் கையை மடக்கிக் காட்டிச் சிரித்தான்.

எலியாஸ் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

“இப்போ ஆள் இல்லைங்க,” என்றான். “வேற யாரையாவது கேட்டுப் பாருங்க.”